வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான், என் சிநேகிதன் ரியாஸ், வாசலில் டிக்கெட் கிழிக்கிற அண்ணன், கழுத்தில் விசில் மாட்டிய சூப்பர்வைசர். கடைசியில் கொஞ்ச நேரம் அப்பாவின் அக்காவான அத்தை. இல்லாதவர்கள் அம்மாவும், எங்களை அங்கே போகச் சொன்ன அறிவியல் சாரும். அப்பாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் இருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார்.

செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரியைப் பார்த்தபடி ஒரு குன்று இருக்கிறது. முன்பக்கம் மெயின் ரோடு, பஸ் ஸ்டாப், புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகள். பின்பக்க அடிவாரத்தில் எங்கள் காலனி. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது இரண்டுக்கும் நடுவில் நுணாவும் களாவும் முள்ளும் மண்டிக் கிடந்தன. அதன் ஊடே ஓர் ஒற்றையடிப் பாதை போகும். பிறகு அதை இயற்கைப் பூங்கா ஆக்கினார்கள். வாசலை ஒட்டிக் கொஞ்சம் சுவர், மற்றபடி சுற்றிலும் முள்கம்பி வேலி, மேலே ஏறிப் பார்க்க ஒரு மேடை, மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை, வாசலில் டிக்கெட்.

எங்கள் பக்கத்து வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. யார் போட்டது என்று கேட்டால் மாடு முட்டியது என்பார்கள். எங்கள் காலனியில் யாரிடமும் மாடு கிடையாது. விடிந்தும் விடியாமலும் அத்தையும் மற்றப் பெண்களும் அந்தச் சந்தில் நுழைந்து, குன்றின் ஓரமாக நடந்து, ரோட்டோரம் வேலியில்லாத மதகுப் பக்கம் வெளியேறி, அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவார்கள். பூங்கா திறக்கிற நேரத்துக்கு அவர்கள் பாதி வேலை முடித்திருப்பார்கள்.

அப்பாவுக்கு அந்தப் பூங்காவில்தான் வேலை கிடைத்திருந்தது. கான்டிராக்ட் வேலை, செடிக்குத் தண்ணீர் விடுவது, சருகு கூட்டுவது. அதற்கு முன்னால் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு விட்டுப்போய், வேலை கிடைத்த நாளைவிடக் கிடைக்காத நாள் அதிகம். பூங்கா வேலைக்கு வந்தபிறகு மாசம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது. நான் ஏழாவது படித்தேன். எங்கள் வீட்டில் ஏழாவது வரைக்கும் போனவன் நான்தான். வேலையில் சேர்ந்த அன்றே அப்பா எங்களிடம் ஒன்று சொன்னார். "தோட்டத்துப் பக்கம் நீங்க யாரும் வரக்கூடாது. இன்னா அவசரம்னாலும் சரி." ஏனென்று சொல்லவில்லை. துடைப்பத்தோடு அவரைப் பார்ப்பது அவருக்கு வெட்கம் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வேன் வைத்துப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அப்பாவின் சொல்லுக்காக நான் போகவில்லை. ரியாஸ் காய்ச்சலில் படுத்திருந்தான். வராதவர்கள் தாங்களாகப் போய் மரங்களின் பெயரை எழுதி வர வேண்டும் என்றார் சார். சார் சொல்லிவிட்டால் எனக்கு அது சட்டம். அப்பாவின் சொல்லும் சட்டம்தான். ஆனால் வீட்டுச் சட்டத்தைவிடப் பள்ளிக்கூடத்துச் சட்டம் பெரியது என்று அந்த வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ரியாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் அத்தாவுக்குப் பஜாரில் செருப்புக் கடை. இரண்டு பேருக்கும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கி வந்திருந்தான்.

"இன்னாத்துக்கு டிக்கெட்டு? எங்க வூட்டுப் பின்னாலதான கீது," என்றேன்.

"அப்ப இந்த டப்பு?" என்று கையிலிருந்த காசைக் காட்டினான்.

"கலர் சோடா."

சோடாவும், ஆளுக்கொரு பொட்டலம் காராபூந்தியும் வாங்கிக்கொண்டு சந்தில் நுழைந்தோம். எனக்குப் பழக்கமான இடம். குனிய வேண்டிய அளவு உடம்புக்குத் தெரியும். ரியாஸுக்குத் தெரியவில்லை. சட்டையின் முதுகைக் கம்பி பிடித்துக்கொண்டது. "புதுச் சட்டைடா, பேஜாரு புடிச்ச வேலி," என்று திட்டிக்கொண்டே வந்தான்.

எழுதினோம். நடந்தோம். பெண்கள் போகிற ஓரப் பாதையில் அல்ல. அம்புக்குறி போட்ட நடைபாதையில், டிக்கெட் எடுத்தவர்கள் நடக்கிற மாதிரி. வெப்பாலை, உசிலை, காட்டு எலுமிச்சை. நாங்கள் சின்ன வயதிலிருந்து உலுக்கித் தின்ற களாவுக்கு முன்னால் 'பறிக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது. அதையும் ஒரு மரத்தின் பெயரைப்போல நான் பக்தியாக எழுதிக்கொண்டேன். ரியாஸ் நாலு களாக்காயை வாயில் போட்டுக்கொண்டான்.

மேடையில் ஏறியதும் அவன் கிழக்கே பார்த்து நின்றான். அவன் அக்காவைப் புதுப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"அதோ வெள்ளையா தெரியுது பாரு. அதான் கடலு. அங்கதான் அக்கா வூடு."

"அது மேகம்டா."

"மேகத்துக்குக் கீழ கீறது இன்னா? கடலுதான?"

காராபூந்தி முடிகிறவரை இரண்டு பேரும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "கீழ எங்க நைனா இருப்பாரு. அவரு சொன்னா இங்க எதுவும் நடக்கும்," என்று நான் அளந்தேன். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அம்புக்குறி எங்களை நேராக வாசலில் கொண்டுபோய் விட்டது. டிக்கெட் அண்ணன் கை நீட்டினார்.

"டிக்கெட்டக் காட்டு."

"நாங்க உள்ள வர்ல அண்ணா. வெளிய போறோம்," என்றேன்.

அவர் நீட்டிய கையை இடுப்பில் வைத்தார். "உள்ள வராம எப்பிட்றா வெளிய போற?"

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யாருக்கோ பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன முகம் அவருக்கு. "காலனிப் பசங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

நான் ஆமாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நடைபாதையின் திருப்பத்தில் அப்பா சருகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காக்கிச் சட்டை, தலையில் துண்டு. எனக்கு உயிர் வந்தது. ரியாஸ் என் காலை மிதித்தான், நன்றாகவே மிதித்தான். "இல்ல சார். பஜாரு. ரெண்டு பேரும் பஜாருதான்," என்றான்.

"யோவ், இங்க வா," என்று சூப்பர்வைசர் அப்பாவைக் கூப்பிட்டார். "இதுங்க உங்க காலனிப் பசங்களான்னு பாரு."

அப்பா வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, சந்தையில் ஆட்டைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"தெரியல சார். நம்ம பக்கத்துப் புள்ளைங்க இல்ல," என்றார். பிறகு என்னிடம், "எந்தப் பக்கம் தம்பி நீங்க?" என்றார்.

என்னை அவர் வாழ்நாளில் நீங்க என்று சொன்னதில்லை. நைனா என்று நாக்கு வரை வந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது. "பஜாரு," என்றேன். அது பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. இவர் என் அப்பா இல்லையென்றால் நான் பஜாராகவும் இருக்கலாம்.

"எது வழியா வந்தீங்க?"

"செவுரு ஏறிக் குதிச்சோம் சார்," என்றான் ரியாஸ்.

சூப்பர்வைசர் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். முதுகில் நீளமாகக் கிழிசல், அதன் ஓரத்தில் துருக் கறை. "செவுத்துல எங்கடா துரு வந்துச்சு?" என்றார். எல்லோரும் வேலியைப் பார்த்துக்கொண்டே குன்றைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தோம். அப்பா முன்னால் போனார். எங்களுக்கு வழி காட்டுகிறவர் மாதிரி அல்ல, முந்திப் போகிறவர் மாதிரி விரசாக நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் சந்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். கம்பி முள்ளில் சிக்கிக் கிடந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு, பச்சை, அத்தையின் மாம்பழ நிறச் சேலை. தோட்ட வேலைக்காரர் குப்பையைப் பார்த்தால் பொறுக்கத்தானே செய்வார் என்று நினைத்தேன். அவர் கையைப் பையில் விட்டு எடுத்தபோது உள்ளங்கை காலியாக இருந்தது.

"இதான் வழியா?" என்றார் சூப்பர்வைசர்.

"இன்னிக்குத்தான் சார் கம்பிய வெலக்கினோம். நாங்களேதான்," என்றான் ரியாஸ்.

"நீங்களே." சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். தரையில் பாதம் பட்டுப் பட்டுப் புல் முளைக்காத இடத்தை அவர் பார்த்தாரா, பார்த்தும் விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. அப்பாவிடம் திரும்பினார். "உன்ன வேலைக்கு எடுக்கும்போதே இன்னா சொன்னேன்? உங்க காலனிலேர்ந்து ஒரு ஆள் வேலி வழியா வந்தாலும் மறுநா நீ வரவேணாம்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார்."

"இதுங்க வெளியாளு, நீ தப்பிச்ச. இப்பவே அடை."

அந்தப் பேச்சு முழுக்க என் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. என் கண் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்கள் வீடு தெரிந்தது. கொடியில் என் பள்ளிக்கூட நிக்கர் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கம்பியை இழுத்து முறுக்கினார். கட்டிங் பிளேயர் கொண்டுவர ஆள் போயிருந்தும் காத்திராமல் கையாலேயே முறுக்கினார். நான் நுழைந்த ஓட்டை என் முன்னாலேயே சின்னதாகிக்கொண்டு வந்தது.

அப்போது அத்தை குடத்தோடு வந்தாள். வேலி ஓரமாக நின்றாள். தம்பியைப் பார்த்தாள், விசில்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் என்னைக் கூப்பிட்டால் ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன். "இன்னா சார், அடைக்கிறீங்களா? நல்லதுதான், ராவுல பாம்பு வருது," என்றாள். போய்விட்டாள். எங்கள் வீட்டு வாசலில் திரும்பும்போதுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சூப்பர்வைசர் எங்களை இரண்டு திட்டுத் திட்டி விட்டுவிட்டார். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, வாசல் வழியாக வெளியேறி, மெயின் ரோட்டைப் பிடித்து, குன்றையே சுற்றிக்கொண்டு நாங்கள் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் அழுதேன். ரியாஸ் அதைப் பார்க்காத மாதிரி நடந்தான். கொஞ்ச தூரம் போனபிறகு பேசினான்.

"எங்க கடைல அத்தா ஒண்ணு சொல்வாரு மச்சான். தெரிஞ்ச கஸ்டமரு வேற யார்கூடயாவது வந்தார்னா, அவரா பேசற வரைக்கும் நமக்கு அவரத் தெரியாது. யாரு முன்னாடி யாருக்கு இன்னா கஷ்டமோ."

"உங்க கடையப் பத்தி இப்ப யாருடா கேட்டா?" என்றேன்.

கிழிந்த சட்டைக்கு அவன் வீட்டில் அடி வாங்கினான் என்று பிறகு தெரிந்தது. அங்கேயும் என் பெயரைச் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். உள்ளங்கையெல்லாம் கீறல். அம்மா மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள். அவர் என்னைத் திட்டுவார் என்று சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பஜார்ப் பையன் சாப்டுச்சா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெற்ற பிள்ளையைத் தெரியாது என்று சொன்னவரோடு எனக்கு என்ன பேச்சு என்று பல நாள் இருந்தேன். துடைப்பம் பிடிக்கிறவரின் மகன் நான் என்று தெரிவது அவருக்கு அசிங்கமா, அல்லது திருட்டுத்தனமாக நுழைந்த பயலின் அப்பா என்று தெரிவது அசிங்கமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டாமல் திண்டாடினேன். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் விடிகாலையில் வேலி ஓரம் பெண்களின் சத்தம் கேட்டது. எவன் அடைத்தானோ அவன் கை விளங்காமல் போக என்றார்கள். எல்லோரையும்விட அத்தையின் குரல்தான் ஓங்கி இருந்தது. அப்பா உள்ளே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அத்தை சூப்பர்வைசரைத்தான் திட்டுகிறாள் என்று எண்ணி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடைத்தது தன் தம்பி என்று தெரு சந்தேகப்படாமலிருக்க அவள் தொண்டை கிழியக் கத்தினாள் என்பது, நான் படித்து முடித்து, ஓர் இன்டர்வியூவில் எந்தத் தெரு என்று கேட்டபோது ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றேனே, அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்பாவின் வேலை போகாமல் நிலைத்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறார். பெண்கள் குன்றைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். வேலைக்கு நேரமாகிறது என்று வீட்டுக்காரம்மாக்கள் முகம் சுளிக்கவே ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்கள். ஒருநாள் அத்தை முந்தானையில் சில்லறை முடிவதைப் பார்த்து, "நீதான் எப்பவும் நடந்து போவியே அத்தை?" என்று கேட்டேன்.

"கால் நோவுதுடா. ஆட்டோல உக்காந்தா காத்து நல்லா சொகமா கீது," என்று சிரித்தாள்.

நம்பினேன். ராணி மாதிரி போகிறாள் என்றுகூட நினைத்தேன். மழையானாலும் வெயிலானாலும், எங்கள் தெருவில் வேலைக்குப் போன ஒவ்வொரு பெண்ணுக்கும், போகப் பத்து ரூபாய், வரப் பத்து ரூபாய்.