பள்ளிகொண்டா தாண்டிப் போட்ட பிரேக்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் ஆம்பூரில் குடியிருந்தபோது நடந்தது. என் வீட்டுக்காரருக்குத் தோல் கம்பெனியில் வேலை. கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது, சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவனுக்கு வருவதுதான் என்று மேஸ்திரி ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் என்ன டாக்டரா?

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில்தான் உண்மை தெரிந்தது. உடம்பே தன் ரத்தக் குழாய்களைத் தாக்குகிறதாம். அடுத்து கிட்னியைப் பிடிக்கலாம், வலியே இருக்காது, மூத்திரம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்றார் டாக்டர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என் வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும். முடியாவிட்டால் காலையில் பிடித்த மூத்திரத்தையாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

"லீவு போடறதுன்னா ஒரேயடியா போட்டுக்க" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதனால் பாட்டிலோடு நான்தான் பஸ் ஏறுவேன். ஒருமுறை பள்ளிகொண்டா தாண்டி டிரைவர் போட்ட பிரேக்கில் மூடி கழன்று, என் புடவை, பக்கத்து அம்மாவின் காய்கறிப் பை எல்லாம் நனைந்துவிட்டது. "இன்னாம்மா, காலங்காத்தால பேஜார் பண்ற!" என்று கண்டக்டர் கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், மறுபடி இந்தக் கூத்தை யார் ஆடுவது என்று, ஆஸ்பத்திரி கக்கூஸில் பாட்டிலைக் கழுவி என்னுடையதையே பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

ரிசல்ட் சுத்தம். டாக்டர் சந்தோஷமாக மாத்திரையைக் குறைத்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன், புத்தி கெட்டவள்!

அடுத்த பாட்டில் போவதற்குள்ளேயே அவருக்கு முகமும் காலும் வீங்கிவிட்டன. வேலூருக்கு ஓடினோம். டாக்டரின் கோபமெல்லாம் லேப் பெண்மேல் திரும்பியது. "போன தடவை ஒழுங்கா பார்த்தியா, இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அது என்னோடது சார்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "காலி பாட்டிலைக் காட்டியிருந்தா, நாளைக்கு வேற கொண்டான்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றார்.

கெட்ட கிட்னி கெட்டதுதான். நாலு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து, என் வீட்டுக்காரர் போய்விட்டார். மேஸ்திரியையும் கண்டக்டரையும் இத்தனை வருஷமாகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனால் நாலு பேர் சிரித்ததற்காக அவர் உடம்பைப் பற்றிப் பொய் சொன்னவள் நான்தான் என்ற ஆத்திரம் மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.