சைராகுல் அக்காவுக்குப் போர்த்திய அங்கி

கோச்கோர் ஊர்ப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் உயிரியல் நடத்திய சைராகுல் அக்காவுக்குக் குடும்பம் என்று ஒன்றும் கிடையாது. வகுப்பறைதான் எல்லாம். ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு வயசு வந்துவிட்டது. கல்வித்துறைக் கமிட்டி முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டி, அவர்கள் நல்லபடியாக எழுதினால் இன்னும் ஐந்து வருஷம் நீடிக்கலாம். நான் அதே பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இனி ஒளித்துத்தான் என்ன ஆகப்போகிறது?

மற்ற ஆசிரியைகளுக்கும் சில வருஷத்துக்கு ஒருமுறை கமிட்டி வரும். அப்போது எங்கள் வழக்கம் ஒன்றுதான். ஒரு மாதம் ஒத்திகை பார்ப்போம். மக்குப் பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் வராதே என்று சொல்லிவிடுவோம். அக்கா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. எங்களுக்கெல்லாம் அது திமிராகவே தெரிந்தது.

இந்த முறை அவர் தன் ஒன்பதாம் வகுப்பையே ஓர் உயிர்ச்செல்லாக ஆக்கினார். முதல் மார்க்குக்காரி அசெமா உட்கரு. அவள் புத்தகத்தை விட்டு நகராமல் ஒரு வரியைச் சீட்டில் எழுதி அனுப்புவாள். ரைபோசோம் பிள்ளைகள் சீட்டில் உள்ள வரிசைப்படி மணி கோப்பார்கள். சரம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி கோல்கி பிள்ளைகளிடம் போகும். அவர்கள் மிட்டாய்த்தாளில் சுற்றி விலாசம் எழுதுவார்கள். லைசோசோம் கத்தரிக்கோலும் கையுமாக மூலையில் உட்கார்ந்து பழசை நறுக்கும். ஆனால் யார் கையை அசைப்பதானாலும் முதலில் ஒரு குருத், அதாவது காய்ந்த தயிர் உருண்டை, கைக்கு வர வேண்டும். அதைக் கொடுப்பவர்கள் மைட்டோகாண்ட்ரியா. அந்த வேலையை அக்கா கடைசி மார்க்கு வாங்கும் மூன்று பேருக்குக் கொடுத்தார்.

"எங்களுக்கு எதுக்குக்கா? நாங்க ஃபெயிலு" என்றாள் மூவரில் ஒருத்தியான ஜிபார்.

"நீ குடுக்கலன்னா அசெமாவால பேனாவைக்கூடத் தூக்க முடியாதுடி."

ஜிபாருக்கு வாயெல்லாம் பல். "மைட்டோகாண்ட்ரியாவுக்கு வயசாச்சுன்னா என்னக்கா பண்ணுவாங்க?"

"சும்மா தூக்கிப் போட மாட்டாங்க. சுத்திச் சவ்வு போர்த்தி லைசோசோம்கிட்ட விட்டுடுவாங்க. அது துண்டு துண்டா அரிச்சிடும். துண்டுங்க வேற வேலைக்கு ஆகும்."

"அய்யோ பாவம்!"

"என்ன பாவம்? உனக்குள்ள இப்பவும் அதான் நடக்குது."

கமிட்டி வந்த காலையில் தலைமையாசிரியை தோக்தோகான் கேட்டில் நின்றாள். அக்காவின் இடத்தை அவள் தன் மருமகளுக்காகக் குறி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். குருத் பையோடு வந்த மூவரையும் மடக்கினாள்.

"ஷூவைப் பாரு! இந்த மூஞ்சிங்களையா கமிட்டிக்குக் காட்டணும்? பையை வெச்சிட்டு வீட்டுக்கு ஓடுங்க."

பின்னால் நின்ற என் கையில் பையைத் திணித்தாள். "அவகிட்ட குடு. பசங்க வரலைன்னு சொல்லு. அடுத்த மாசம் உனக்கும் கமிட்டி வருது, ஞாபகம் இருக்கட்டும்."

"பிள்ளைங்க எங்கடி?" என்று அக்கா கேட்டார்.

"வரலக்கா."

அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் பாடம் தொடங்குவதற்குள் ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருப்பார். நான் சொல்லவில்லை.

மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் வேலைதான் தெரியும். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே ஓடினார். உட்கருவுக்கு ஓர் உருண்டை, ரைபோசோமுக்கு ஓர் உருண்டை, மறுபடி முதலிலிருந்து. இருபத்தாறு கைகள் நீட்டியபடி இருந்தன. பாதியில் மூச்சு வாங்கியது. மணி கோப்பவர்கள் வெறும் கையோடு நின்றார்கள், கோல்கிக்குச் சுற்ற எதுவும் வரவில்லை. அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கொட்டிய உருண்டைகள் கமிட்டிக்காரர்களின் காலடிக்கு உருண்டன.

"பாவம், முடியல. மரியாதையா அனுப்பி வெச்சிடுங்க" என்றார் கமிட்டியின் பெரியவர்.

மறுவாரம் அக்காவுக்கு வழியனுப்பு விழா வைத்தோம். பெரியவர்களுக்குப் போர்த்துகிற வெல்வெட் அங்கி, பொன்னூல் பூவேலையோடு. வலது கையைத் தோக்தோகான் நுழைத்தாள். "இடது கையை நீ போடு" என்றாள் என்னிடம். போட்டேன்.

"சவ்வு நல்ல கனமா இருக்குடி" என்றார் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஜிபார் சொன்னா. கேட்டுல நீயும் நின்னியாமே."

எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அன்று மாலையே அலமாரிச் சாவியும் படங்களும் மணிப்பெட்டியும் மருமகளிடம் போயின. அக்காவின் ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் எனக்கு வந்தன.

அடுத்த மாதம் கமிட்டி முன்னால் என்னுடைய பாடம். முதல் நாளே மூவரையும் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.

"நாங்க இல்லாம நடக்குமாக்கா?" என்று கேட்டாள் ஜிபார்.

"நடக்கும்" என்றேன்.

நன்றாகவே நடந்தது.