கலைந்த வாரியமும் லெயுதாவின் வாய்க்காலும்

சமோவாவில் எங்கள் ஊர் லெயுதா பிடிவாதக்காரி. கிராமச் சாலை வாரியம் வெட்டிய வாய்க்கால் அவளது சேப்பங்கிழங்குத் தோட்டத்தை மூழ்கடித்தது. வாய்க்காலை வேறு பக்கம் திருப்பக் கேட்டு வாரியத்தின் மேல் வழக்குப் போட்டாள். விசாரணைக்கு முன்பே அரசு வாரியத்தைக் கலைத்துவிட்டது.

"பிரதிவாதியே இல்ல. இனி யாரோடம்மா சண்டை போடுவீங்க?" என்று நீதிமன்றத்தில் சிரித்தார் அரசு வழக்கறிஞர்.

"எங்க ஊர்ல தலைவர் செத்தா, அவர் பட்டத்தை வாங்குறவர்தான் அவர் விட்டுட்டுப் போன சண்டைக்கும் பதில் சொல்லணும். வாரியத்தோட லாரியெல்லாம் இப்ப யார் எடுத்துக்கிட்டாங்கய்யா?"

"சாலை அமைச்சகம்."

"அப்ப வாரியத்தோட இடத்துல அவங்களை நிறுத்துங்க."

சட்டமும் அதுதான் என்று நீதிபதி அமைச்சகத்தையே பிரதிவாதியாக்கினார். வழக்கு தொடர்கிறது. அன்று ஊர் திரும்பும் பேருந்தில் ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் முன்னிருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்தோம்.