மருமகள் வருசத்துக்கு இலை வாங்கப் போனது

இல்லை மாப்பிள்ளை, நான் உன்னை ஏமாற்றவில்லை. போன் செய்தேன், வந்தாய். வாசல் தாண்டியது உன் கால். அதற்கு நான் என்ன செய்ய?

மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை என்பது என் மனைவியின் தம்பி முருகேசன். போன ஆடியில் என் மனைவி இறந்துபோனாள். அதனால் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கலும் இல்லை. தை கடைசியில் மருமகள் லான் வந்து தயங்கி நின்றாள். வியட்நாம்காரி. மகன் அங்கே வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டான். இப்போது அவன் வெளியூரில். அவள் ஊர் வருசப்பிறப்பு வருகிறதாம், பெயர் டெட்.

"செய்யலாமா மாமா? சாவு வீடு..."

"தடையெல்லாம் நம்ம பண்டிகைக்குத்தான். ஒன் பண்டிகை எங்க காலண்டர்லயே இல்ல. யாரு தடுக்குறது?"

சிரித்தாள். உடனே முகம் வாடியது. வருசப்பிறப்பன்று காலையில் முதலில் வீட்டுக்குள் வருகிறவரைப் பொறுத்துத்தான் அந்த வருசமாம். சாவு விழுந்த வீட்டில் குடியிருப்பவர் ஆகாது. பெண்டாட்டி, பேரப்பிள்ளை என்று நிறைவாக இருப்பவர் வேண்டும். "நம்ம வீட்டுக்கு யார் வருவாங்க?" என்றாள்.

எங்கள் ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் பன்னிரண்டு கிலோமீட்டர். முந்தின நாள் காலை ஆறு மணி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் பத்து ரூபாய். அதற்கு மருமகள் வழியெல்லாம் கேலி. பூ மார்க்கெட்டில் மஞ்சள் செண்டுப்பூ இரண்டு கிலோ கேட்டோம்.

"என்ன விசேசம் பெருசு?" என்றார் பூக்காரர்.

"புது வருசம்."

"அது போன மாசமே முடிஞ்சிருச்சே. நம்மளுது சித்திரையிலல்ல?"

"இது என் மருமக வருசம்ப்பா."

ஒரு கை பூ அதிகமாகப் போட்டார். வாழையிலைக் கட்டு நூறு ரூபாய். அவள் ஊர் ஒட்டரிசி கிடைக்கவில்லை, பச்சரிசி வாங்கினோம். அதில் பாசிப்பருப்பும் மிளகும் வைத்து, இலையில் சுருட்டி, நாரால் கட்டிப் பகலெல்லாம் வேகவைத்தாள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "நாளைக்கு நம்ம வீட்டுல பண்டிகை."

விடிந்ததும் வண்டிச் சத்தம். "எங்க அக்கா செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள என்னய்யா பண்டிகை?" கத்திக்கொண்டே உள்ளே வந்துவிட்டான். லான் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டீங்க சித்தப்பா! வந்துட்டீங்க!" கண்ணெல்லாம் தண்ணீர். திட்ட வந்தவன் அப்படியே உட்கார்ந்தான். இலையைப் பிரித்துக் கொடுத்தாள்.

ஒரு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தான். "ஏன் மச்சான், இது வெண்பொங்கல்தான?"

"வியட்நாம் பலகாரம்டா."

"அக்கா வைக்கிற மாதிரியே மிளகு தூக்கலா இருக்கு" என்று இன்னொன்று கேட்டான்.

இப்படிப் பண்டிகை வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒட்டரிசியை ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள், பச்சரிசி உதிர்கிறது. பூவுக்கு ஏழு மணிக்குள் போங்கள். அயல்நாட்டு மருமகள் தயங்கி நின்றால் அவள் வாய் திறக்கும்முன் சரி சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை கேட்டான். "ஊர்ல அம்புட்டுப் பேரு இருக்கையில என்னைய எதுக்குய்யா இழுத்த?"

"ஒன் வீட்டுலதான்டா இன்னும் புருசனும் பொண்டாட்டியும் பேரப்பிள்ளைகளோட சேந்து உக்காந்து..." என்று ஆரம்பித்தேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்துவிட்டான்.