வேப்பிலைத் தண்ணீரும் என் கடைசிக் கடைவாய்ப்பல்லும்

என் சட்டையில் பித்தான் அறுந்த இடத்தில் எப்போதும் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். அந்த ஊக்கால் நான் செய்த காரியத்தைச் சொல்லி இன்றும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

மற்றக் கடைவாய்ப் பற்களெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையில் இருந்தபோதே ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மீந்தது வலப்பக்கம் ஒன்று. அதுவும் போனால் அப்புறம் கஞ்சிதான். அதில் சீழ் வைத்தபோதுதான் மந்தாரக்குப்பத்துப் பல் டாக்டரம்மாவிடம் போனேன். பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம் என்றார். வேருக்குள் மயிரிழை போல ஒரு வழி இருக்கிறதாம். அதற்குள் சன்னமான ஊசியால் மருந்துத் தண்ணீர் விட்டு அலசினார். பிளீச்சிங் பவுடர் வாடை. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, கடைசி அலசலுக்கு வேப்பிலைச் சாறு வைத்திருக்கிறேன், ஆனால் அது துணைக்குத்தான், முக்கிய வேலை இந்த வாடை மருந்துடையது என்றார். பிறகு அதையும் ஒரு சொட்டு விட்டு, பல்லைத் தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வேப்பிலை என்று சொன்னதுதான் வினையாயிற்று. எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த பிளாக்கில் வாசலுக்கு ஒரு வேப்பமரம். அம்மை போட்ட வீடுகளுக்கெல்லாம் நான்தான் ஏறி ஒடித்துக் கொடுப்பேன். அது வேறு கதை. டாக்டரம்மா ஒரு சொட்டு விட்டார், நாம் ஒரு சொம்பு விடுவோமே என்று இலையைக் கொதிக்கவைத்து, ஊக்கால் அடைப்பைக் கிளறி எடுத்துவிட்டு, மூன்று நாள் ஊற்றி அலசினேன். நான்காம் நாள் கன்னம் பண்ருட்டிப் பலா மாதிரி ஆயிற்று.

"ஏன்யா, அவங்க மூடி வெச்சத நோண்டிக்கினா இருந்த?" என்றாள் வீட்டுக்காரி. "அந்த ஊக்க வெச்சிக்கினு நீயே ஒரு ஆஸ்பத்திரி தொறந்துடு."

வீங்கிய கன்னத்தோடு போய் நின்றேன். டாக்டரம்மா திட்டவில்லை. சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். பம்ப் ஆபரேட்டர் என்றேன். இங்கே கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்; ராப்பகலாக இறைத்தால்தான் குழிக்குள் வேலை நடக்கும்.

"நடுவுல ஒருத்தன் வந்து பம்ப நிறுத்தினா விட்டுடுவீங்களா ஐயா?"

"தோல உரிச்சிடுவேங்க."

"அதத்தான் நீங்க செஞ்சிருக்கீங்க. உள்ள கிருமி எறங்கக் கூடாதுன்னுதான் மூடினேன். இப்ப சோறும் எச்சிலும் எறங்கிடுச்சு."

மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும், பல் நிற்கும் என்று இனி உறுதி சொல்ல முடியாது என்றார். வீட்டுக்காரி ஊக்கைப் பிடுங்கிக்கொண்டு பித்தான் தைத்துக் கொடுத்தாள். இன்னும் மூன்று முறை போனேன்.

கடைசி நாள் அலசி முடித்து, நூல் போன்ற காகிதத் திரி ஒன்றை வேருக்குள் விட்டு எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். நுனிவரை உலர்ந்து வெள்ளையாக இருந்தது.

"குழி காஞ்சிடுச்சு. மூடிடலாங்களா, ஆபரேட்டரே?"

சுரங்கத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்று நான் கை காட்டிய பிறகுதான் கரி வெட்டும் எந்திரம் கீழே இறங்கும். திறந்த வாயை மூடாமல், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.