கூட்டிப் பெருக்கிய அறை

மெத்தை தைக்கும் அந்த அம்மாள் ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் தரை பளிச்சென்று இருக்க வேண்டும். பஞ்சோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இது வேண்டாத ஆசைதான். சோற்றில் பஞ்சு, தலையில் பஞ்சு, கனவில்கூடப் பஞ்சு. முன்னறையில் கணவர் நீளக் குச்சியால் பஞ்சை அடித்து உதிர்ப்பார். அவள் உறை தைத்து நிரப்புவாள். ஆர்டருக்கு ஒரு நாளும் குறைவில்லை.

குறையெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தது. இருமல் ஆரம்பித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். தூசியை விட்டு விலகச் சொல்லி டாக்டர் கண்டித்துவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார், சோறு யார் போடுவது? மூடி போட்ட பஞ்சு மெஷின் ஒன்று இருந்தால் தூசி உள்ளேயே அடங்கிவிடும். அவர் தள்ளி உட்கார்ந்து தையல் போடலாம். வட்டிக்கடைக்காரர் பணம் கொடுக்கத் தயார்தான்.

"அவர்கிட்ட வாங்கினா மெஷின் நம்ம வீட்டுல இருக்கும், ஓடுறது அவருக்காகத்தான்" என்று கணவர் மறுத்துவிட்டார். அதனால் அவள் பேங்குக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் ஆபீசர் மனமிரங்கி, வெள்ளிக்கிழமை வந்து தொழிலைப் பார்ப்பதாகச் சொன்னார்.

சம்பந்தி வீட்டார் வருகிற மாதிரி முதலில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓட ஆரம்பித்த பிறகு நிறுத்த ஆளில்லை. ஒரு விடுதிக்குத் தைத்து வைத்திருந்த மெத்தைகளை அவசர அவசரமாக அனுப்பினாள். பஞ்சு மூட்டைகளைப் பக்கத்து வீட்டில் அடுக்கினாள். ஒட்டடை அடித்தாள், ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்தாள்.

"ஏண்டி, அவர் வர்றது தொழிலைப் பார்க்கவா, தரையைப் பார்க்கவா?"

"நீங்க சும்மா இருங்க. குப்பையில உட்கார்ந்திருக்கறவளுக்கு யார் கடன் கொடுப்பா?"

நோயாளி வீட்டுக்கும் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்து, இருமல் சத்தம் கேட்காதபடி கணவரையும் பஸ் ஸ்டாப்பில் போய் உட்காரச் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

ஆபீசர் வந்தார். தரை இருந்த அழகைப் பார்த்துத் தானாகவே ஷூவைக் கழற்றினார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"தொழில் எங்கம்மா நடக்குது?"

"இங்கதான் சார்."

"பஞ்சையே காணோமே?"

"பக்கத்து வீட்டுல வெச்சிருக்கேன் சார். அவங்க பூட்டிட்டு வெளிய போயிருக்காங்க."

"அடிக்கிற ஆள்?"

"வீட்டுக்காரர்தான் சார். அவரும் வெளிய போயிருக்காரு."

ஆபீசர் பொல்லாதவர் இல்லை. பக்கத்து வீட்டுச் சரக்கையும் வெளியே போன ஆளையும் பற்றிப் பல வீடுகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். "தொழில் நடக்கிற மாதிரி தெரியலையேம்மா" என்று ஷூவை மாட்டிக்கொண்டார். தெருமுனை வரை பின்னாலேயே ஓடி அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கணவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும். மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து, குச்சியை எடுத்தார். "விடு, அடுத்த தடவை குப்பையாவே வெச்சிருப்போம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது. அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. தூசிதான் கொன்றது என்று எல்லாரும் சொன்னார்கள். தன் துடைப்பம்தான் கொன்றது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பை யாராலும் மாற்ற முடியவில்லை.

அதன் பிறகு அவள் முன்னறையைக் கூட்டவே இல்லை. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தானே பஞ்சை அடித்தாள்.

ஒரு நாள் வேறு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்த ஆபீசர், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். முழங்கால் அளவு பஞ்சு, சுவரோரம் அடுக்கிய மெத்தைகள், அறை முழுக்கப் புகைபோலத் தூசி.

"அடேயப்பா! இதைத்தாம்மா அன்னைக்கு நான் பார்க்க வந்தேன். நாளைக்கே பேங்குக்கு வா, மெஷினுக்கு நானாச்சு." மனிதருக்கு உண்மையிலேயே சந்தோஷம். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு விளையாட்டாகக் கேட்டார்: "உன் வீட்டுக்காரர் இன்னும் வெளியதான் சுத்துறாரா?"

"ஆமா சார், இன்னும் வரல" என்றாள் அவள். ஆபீசர் உள்ளே காலெடுத்து வைக்கப் போனார். குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வாசலை மறித்தாள்.

"உள்ள வராதீங்க சார். இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது."