பதினோரு காலடி

போன புதன்கிழமை பேரன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். நுவரெலியாப் பக்கத்து ஹோட்டல்களின் விளையாட்டுத் தளங்களைத் தண்ணீர் பீச்சும் மிஷினால் கழுவிக் கொடுப்பது அவன் தொழில். ஒரு தளத்துக்கு இரண்டு நாள். காதில் பஞ்சு வை என்று பதினான்கு முறை சொல்லிவிட்டேன், வைப்பதில்லை. இந்த முறை கழுவியது கந்தப்பளைக்கு மேலே எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்து டென்னிஸ் தளத்தை. துரை பங்களா இப்போது ஹோட்டல்.

"தண்ணி பட்டதும் பூச்சு பத்தை பத்தையா கழண்டுச்சு தாத்தா. அடியில சின்னப்புள்ள காலடி. நடுவு வரைக்கும் போவுது, திரும்பல."

எண்ணினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். பதினொன்று என்றேன்.

எனக்கு ஒன்பது வயதில் அந்தத் தளத்தைக் கழுவும் வேலையை மாமா பிடித்தார். மாமா அம்மாவின் தம்பி. துரையின் விருந்தாளிகள் ஞாயிற்றுக்கிழமை ஆட வருவதாக இருந்தது. தளமோ பாசி பிடித்து, தவளைக்குக்கூட வழுக்கும் நிலையில் கிடந்தது. தும்புத் தூரிகையால் தேய்த்தால் ஆறு பேருக்குப் பத்து நாள் வேலை. மாமா நாலு நாளில் முடிப்பதாகச் சொல்லி முப்பத்தைந்து ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். அதில்தான் எனக்குச் சப்பாத்து வாங்குவதாக இருந்தது. டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. வெறுங்காலோடு வந்தால் சேர்க்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி நாள்.

மாமாவின் தந்திரம் இதுதான்: கொழுந்துக்குக் கொப்புள நோய் வந்தால் மருந்தடிக்கும் கைப்பம்பை ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றிப் பாசியைப் பீச்சி எடுப்பது. நான் பம்பு அடிப்பேன், அவர் குழாயைப் பிடிப்பார். நாற்பது தரம் பம்பு அடித்தால் இரண்டு முழம் வெளுக்கும். அவசரத்தில் பம்பின் அடியில் தங்கியிருந்த நீல மருந்தை அவர் கழுவவில்லை.

மூன்றாம் நாள் காலை பனி தளத்தின் மேல் படுத்துக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் மாமா தெரியவில்லை, அவர் இருமல் மட்டும் வந்தது. முந்தின நாள் கழுவிய இடத்தில் நீலமாக ஒரு காலடி. பாசியோடு பழைய பூச்சும் பெயர்ந்து, சிமெந்தில் பதிந்திருந்த குழியில் மருந்துத் தண்ணீர் தேங்கி வற்றியிருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஐந்து விரலும் தெளிவாக, என் காலைவிடச் சின்னதாக. எண்ணிக்கொண்டே போனேன். தளத்தின் நடுவில், பதினொன்றோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் வழவழவென்று வெள்ளைச் சிமெந்து. திரும்பி வந்த தடம் இல்லை. நான் மேலே அண்ணாந்து பார்த்தேன். பனிதான் இருந்தது.

மாமாவுக்குத் தண்ணீர் சுமந்த இரண்டு பேரும் வாளியைப் போட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கையா, துரை இதைப் பார்த்தால் காசும் இல்லை, மாமாவுக்குத் தோட்டத்துச் சம்பளப் பதிவில் பேரும் இல்லை, நாளைக்குள் காலடி மறைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா சிமெந்துச் சட்டியோடு முதல் காலடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"பேயி வாசல நாம அடைச்சா, அது நம்ம வாசலுக்குத்தான்டா வரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சப்பாத்து போய்விட்டது என்று மட்டும் புரிந்தது.

சாயங்காலம் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அம்மாவிடம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எத்தன இருக்கு?"

"பதினொன்னு."

"பன்னெண்டாவது இருக்காது" என்றார். ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அம்மா தளத்துக்கு வந்தார். தளத்தை ஒட்டிய பங்களா வழியாகப் போனால் லயத்துக்கு நானூறு அடி மிச்சம். ஆனாலும் அம்மா அந்த வழியில் நடந்து நான் பார்த்ததே இல்லை. கொழுந்துக்கூடையோடுகூடச் சுற்றித்தான் வருவார். அந்தக் கூடையையும் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள்தான் அவருக்குத் தூக்கி மாட்டிவிட வேண்டும். இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. பிறவியிலேயே அப்படி என்று சொல்லியிருந்தார்கள்.

மாமா வேலியோரம் நின்றுகொண்டார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு காலடியாகக் குந்தி, வலது கையால் சிமெந்தை அப்பித் தடவிக்கொண்டே போனார். இடது கை மடியில் கிடந்தது. நான் சட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். பத்து முடிய அதிக நேரம் ஆகவில்லை. பதினொன்றாவதன் மேல் வெறும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பனி வந்து எங்கள் இருவரையும் மூடிவிட்டுப் போனது. பிறகு அதையும் பூசினார்.

"சப்பாத்த ஒரு அளவு பெருசா வாங்கச் சொல்லு மாமாகிட்ட. கால் வளரும்ல" என்றார்.

திங்கட்கிழமை கடகடவென்று ஆடும் சப்பாத்தோடு பள்ளியில் சேர்ந்தேன். எங்கம்மா ஒரு பேயையே பூசி மூடியவர் என்று பல நாள் பெருமையடித்தேன். கேட்ட பிள்ளைகள் ஏழு பேர். ஆறு பேர் நம்பினார்கள்.

புதன்கிழமை பேரன் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். அன்று எண்ணினேனே தவிர, பார்க்கவில்லை. பதினொன்றாவது காலடிக்குக் குதிகால் இல்லை. விரல்கள் மட்டும் ஆழமாக ஊன்றி, இடது பக்கமாக இழுபட்டிருக்கின்றன. காயாத சிமெந்தில் ஓடிய ஒரு லயத்துப் பிள்ளையை யாரோ பலகை போட்டு எட்டி, இடது கையைப் பிடித்து அப்படியே மேலே தூக்கியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது இருக்காது என்று அம்மா சொன்னபோது, அவருக்குப் பேய்களைப் பற்றி நிறையத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.